பயர் லைனைத் தாண்டிய பொறி

அத்தியாயம் 9

“தீப்பெட்டியைக் கொண்டா” என்று கை நீட்டினார் வனக்காவலர் பால்பாண்டி.

பல்லிடுக்கில் பற்றவைக்காத பீடியோடு நின்ற ஒச்சப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். “பீடியைப் பிடுங்கிக்கிட்டுத் தீப்பெட்டியை விட்டுருந்தாலாவது குச்சியை வச்சுக் காதைக் கொடைஞ்சுக்கிருவேன். பீடியை விட்டுட்டுத் தீப்பெட்டியைக் கேக்குறீங்களே, இது என்னண்ணே நியாயம்?”

“மாசி பொறந்ததுல இருந்து கோடை மழை விழுற வரைக்கும் இதான் நியாயம். அடிவாரத்துல சருகு எரிக்கக் கூடாது, தோட்டத்துக் குப்பைக்குத் தீ வைக்கக் கூடாது, மலைக்குத் தீப்பெட்டி கொண்டு போகக் கூடாது. உத்தரவு. அந்தா போர்டு தொங்குது, படி.”

“நான் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கோடை மழையே வந்துரும்ணே.”

சொல்லிக்கொண்டே தீப்பெட்டியைக் கொடுத்தான். பால்பாண்டி அதோடு விடவில்லை. அவன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகு மகாராணியின் கைப்பையைத் திறக்கச் சொன்னார்.

மகாராணி மறுபேச்சு இல்லாமல் திறந்து காட்டினாள். மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருஷம் எரிந்த குடோன்களையும் எரிந்த மில்களையும் சோதனை போட்டுச் சலித்தவள் அவள். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான போடிக்கே திரும்பி, கடைவீதி மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அலுவலகத்தின் மொத்தச் சொத்து ஒரு மேஜை, ஒரு பழைய ஜீப்பு, அந்த ஜீப்பை ஓட்டும் ஒச்சப்பன். ஜீப்புக்கு அவ்வப்போது ஓய்வு உண்டு. ஒச்சப்பனின் வாய்க்குக் கிடையாது.

இவர்களோடு மூன்றாவதாக வந்திருந்தவர் சுருளிவேல். ஐம்பதைத் தாண்டிய, காக்கிச் சட்டையும் வேட்டியும் கட்டிய மனிதர். சிலமலைப் பக்கத்துக் கிராமங்களின் தீத்தடுப்புக் குழுத் தலைவர். ‘அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, ஒரு சின்னப் பொறி ஒரு மலையையே தின்றுவிடும்’ என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகும் குரல் அவருடையதுதான். குழுவைச் சேர்ந்த ஒருவர் துணைக்கு வந்தால்தான் மலையேற அனுமதி என்றதும், “நானே வர்றேன் தாயி” என்று முன்வந்தவர் அவர்.

பால்பாண்டி சுருளிவேலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தடுப்புக் கம்பைத் தூக்கினார்.

மூவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் இந்தச் சரிவில் தீப்பிடித்தது. அணைக்க ஓடிய தீக்காவலர் கன்னையன் வெந்துபோய்த் தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைப்பாரா என்பது டாக்டர்களுக்கே தெரியவில்லை. தீப்பிடித்த நேரத்தில் மலைமேல் இருந்த ஒரே ஆள், ஆடு மேய்க்கும் காசிமாயன். புதுப்புல் முளைக்கட்டும் என்று அவன்தான் கொளுத்தினான் என்று போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. கன்னையன் கண்ணை மூடிவிட்டால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும். காசிமாயனின் மனைவி ஜோதி நேற்று அலுவலகப் படியேறி வந்து, உட்காரக்கூட மாட்டேன் என்று நின்றபடியே சொன்னாள்: “அன்னைக்குக் காலையில அவரோட தீப்பெட்டியை செக்போஸ்டுல வாங்கிட்டாங்கம்மா. வாங்குனவரே அதைச் சொல்றாரு. ஆனா ஒளிச்சு வச்சு இன்னொண்ணு கொண்டு போயிருப்பான்னு போலீசுல சொல்றாங்க. இல்லாத ஒண்ணை இல்லைன்னு எப்படிம்மா காட்டுறது?”

அந்தக் கேள்வி மகாராணியைத் தூங்கவிடவில்லை. அதனால் ஒச்சப்பனுக்கும் தூக்கம் போயிற்று.

அடிவாரத் தோட்டங்களைத் தாண்டியதும் பயர் லைன் வந்தது. தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு தார் ரோட்டின் அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிப் போட்டிருந்த வெற்று மண் பட்டை. கீழே எங்கேயாவது தீ விழுந்தாலும் காட்டுக்கு ஏறாமல் இருக்கத் தடைக்காலத்துக்கு முன்பே வெட்டிவிடுவார்கள்.

மகாராணி அதன் நடுவில் நின்றாள். ஒரு பக்கம் சுருளிவேலின் இலவந்தோப்பு, வரிசை வரிசையாக மரங்கள். மறுபக்கம் கரிந்த மலை. அதற்கும் மேலே, எட்டாத உயரத்தில், ஏலத் தோட்டங்களின் பச்சை.

“தீ கீழ பிடிக்கலை. இந்தக் கோட்டுக்கு மேலதான் பிடிச்சிருக்கு. கோட்டுல ஒரு கரித்துண்டுகூட இல்லை. அதனால யாரோ ஏறிப் போய் வச்சிருக்கணும், அது காசிமாயன்தான். போலீசு கணக்கு இவ்வளவுதான். சரியா, ஒச்சு?”

“வேற யாருக்கா ஏறியிருக்க முடியும்? கொரங்கு இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்ச கொரங்கு எதுவும் பீடி குடிக்காது. அண்ணே, நீங்க குடிப்பீங்களா?” என்று சுருளிவேலிடம் ஒரு பீடியை நீட்டினான் ஒச்சப்பன்.

“அந்தப் பழக்கமே கெடையாது அப்பு.”

“நல்ல மனுசன். நான் இப்ப சும்மா கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆடு எலையைக் கடிக்கிற மாதிரி.”

எரிந்த சரிவில் ஏறினார்கள். காலை வைத்த இடமெல்லாம் சாம்பல் புகைபோலக் கிளம்பியது. ஒரு ஈ எறும்பு இல்லை, ஒரு பறவைச் சத்தம் இல்லை. சரிவின் ஓரத்தில், ஓடையை ஒட்டி, பட்டுப்போன பெரிய மரம் ஒன்று கரிக்கட்டையாகச் சாய்ந்து கிடந்தது. அதன் பொந்திலிருந்து நூல் போலப் புகை வந்துகொண்டிருந்தது.

“அண்ணே, இது இன்னும் உசுரோட இருக்கு” என்றான் ஒச்சப்பன்.

சுருளிவேல் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. “எறங்கும்போது மண்ணை அள்ளிப் போட்டுட்டுப் போவோம். தாயி, பாத்தாச்சுன்னா கெளம்பலாமா? வெயில் ஏறுது.”

மகாராணி கிளம்பவில்லை. ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம், எரியாமல் நின்ற சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவு சுக்குநாறிப் புல் காய்ந்து, பொன்னிறத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது.

“அங்க போவோம்.”

“அங்க எதுக்கு? அங்கதான் ஒண்ணுமே எரியலையே!” என்றார் சுருளிவேல். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “பாம்பு கெடக்கும் தாயி.”

“எரிஞ்ச எடத்துல சாட்சி இருக்காதுண்ணே, எல்லாம் சாம்பலாயிருக்கும். இங்க என்ன வந்து விழுந்துச்சோ, அதுல கொஞ்சமாவது பக்கத்துலயும் விழுந்திருக்கும். எரியாத எடத்துலதான் தேடணும்.”

ஓடை என்று பெயரேயொழிய அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த நாணலும் சருகும் முழங்கால் புதையக் கிடந்தன. அதைக் கடந்து மறுகரையில் ஏறி, புல்லை விலக்கிக்கொண்டு மேலே மேலே போனாள் மகாராணி. ஒரு இண்டம்புதர் குறுக்கே வந்தது. அவள் சட்டென்று நின்றாள்.

முள்ளில் ஏதோ வெள்ளையாகச் சிக்கியிருந்தது. மெதுவாகப் பிரித்து எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஒரு கொத்துப் பஞ்சு. ஓரம் கருகி, பழுப்பேறியிருந்தது. நடுவே மிளகைப் போல உருண்டையாக ஒரு கறுத்த விதை.

“என்ன அண்ணே இது?”

சுருளிவேல் எட்டிப் பார்த்தார். “எருக்கம் பஞ்சு. காத்துல பறந்து வந்திருக்கும்.”

“அப்படியா” என்று மட்டும் சொல்லி, பஞ்சைக் கைக்குட்டையில் மடித்தாள் மகாராணி.

ஒச்சப்பனுக்கு அவளுடைய இடது புருவம் தெரியும். அது மேலே ஏறினால் யாரோ ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று பொருள். இப்போது ஏறியிருந்தது. அவன் வாயைத் திறந்தான். கேட்பதற்குள் கீழே ‘மடார்’ என்று சத்தம் கேட்டது.

மூவரும் திரும்பினார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்த கரிக்கட்டை நடுவில் முறிந்துவிட்டது. முறிந்த பாதி, உள்ளே செக்கச்செவேலென்று கனன்றபடி, சரிவில் உருண்டது. ஒரு பாறையில் மோதித் தெறித்து, இரண்டு மூன்று துண்டுகளாக ஓடைக்குள் போய் விழுந்தது.

ஒரு மூச்சு விடும் நேரம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு நாணலுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. அடுத்து மஞ்சளாக ஒரு நாக்கு. மலையடிவாரக் காற்று, வெயில் ஏறினால் மேல்நோக்கி அடிக்கிற காற்று, குனிந்து அதை ஊதியது. ஓடை முழுக்க ஒரே இழுப்பில் பற்றிக்கொண்டது.

“வெரசா! எரிஞ்ச பக்கம் ஓடுங்க!” என்று கத்தினார் சுருளிவேல்.

ஓடினார்கள். பத்தடி போவதற்குள் நின்றார்கள். எரிந்து முடிந்த கரிச் சரிவு, பத்திரமான சரிவு, கண்ணுக்கு எதிரே இருந்தது. அதற்கும் இவர்களுக்கும் நடுவே ஓடை ஒரு நெருப்புச் சுவராக நின்றது. அந்தச் சுவர் இப்போது கரையேறி, கீழிருந்து புல்லுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

“யக்கா, மேல?”

“பாறை.” செங்குத்தாக, பனை உயரத்துக்கு நின்றது.

“அந்தப் பக்கம்?”

“கெடுபாதாளம்.”

ஒச்சப்பன் கீழே என்ன என்று கேட்கவில்லை. காற்றில் திடீரென்று எலுமிச்சை வாசனை வந்தது. சூட்டில் சுக்குநாறிப் புல்லின் எண்ணெய் கசிகிறது என்பது அவனுக்குத் தெரியும். கடையில் சோப்பு வாங்கினால் வருகிற வாசனை. அது ஒருநாள் தீயோடு சேர்ந்து வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. தீ வரும் முன்பே அதன் சத்தம் வந்தது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குகிற சத்தம்.

போனை எடுத்துப் பார்த்தான். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. போடிக்காரனுக்கு மலைத்தீ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சில வருஷங்களுக்கு முன்னால், மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கிச் செத்தபோது ஊரே அழுதது அவனுக்கு நினைவிருந்தது. கால்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தன. பாறை இன்னும் மேலே, புல்லுக்கு அப்பால் நின்றது.

“ஒச்சு, இங்க பாரு.” மகாராணி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எரிஞ்ச எடம் திரும்ப எரியாது. வைக்கோல் படப்புத் தீயில பாத்திருக்கேன். அந்தப் பக்கம் இருக்கிற எரிஞ்ச எடத்துக்கு நம்மளால போக முடியாது. அப்ப இந்தப் பக்கமே ஒண்ணை உண்டாக்கணும். நமக்கு மேல இருக்கிற புல்லை நாமளே கொளுத்தணும். அது மேல ஏறிப் பாறையில முட்டி அணைஞ்சிரும். அந்தச் சாம்பல்ல நாம படுத்துக்கணும்.”

“எதை வச்சுக் கொளுத்துறது? தீப்பெட்டிதான் செக்போஸ்டுல தூங்குதே!” அவன் கீழே பார்த்தான். “நான் போயி அந்தத் தீயிலயே ஒரு கொள்ளி எடுத்துட்டு வர்றேன்.”

“கிட்டப் போனா திரும்ப மாட்ட.”

அவள் சுருளிவேல் பக்கம் திரும்பினாள். அவர் புகையில் கண்கலங்கி, வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தார். அவள் கையை நீட்டினாள். காலையில் பால்பாண்டி நீட்டிய அதே மாதிரி.

“அண்ணே, கொடுங்க.”

“எதைத் தாயி?”

“உங்க மடியில இருக்கிறதை.”

சுருளிவேலின் கண்கள் தீயைப் பார்த்தன. ஒச்சப்பனைப் பார்த்தன. மறுபடி தீயைப் பார்த்தன. அது இப்போது இண்டம்புதரை நெருங்கிவிட்டது. அவருடைய கை வேட்டி மடிக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருந்தது.

ஒச்சப்பன் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது.

முதல் தட்டலில் பற்றவில்லை. அடுத்ததிலும் இல்லை. காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. ஒச்சப்பன் சட்டையைக் கழற்றிக் கூடாரம் போலப் பிடித்தான். சுருளிவேல் குனிந்து, ஒரு கைப்பிடிப் புல்லைச் சேர்த்து முறுக்கி, லைட்டரைத் தட்டினார். பற்றியது. அந்தக் கொள்ளியை இழுத்துக்கொண்டு சரிவின் குறுக்கே ஓடினார். அவர் போன இடமெல்லாம் தீ எழுந்து, மேல்நோக்கிப் பாய்ந்தது.

இப்போது முன்னாலும் தீ, பின்னாலும் தீ. நடுவே ஒரு கீற்றுப் புல்லில் மூன்று பேர். ஒச்சப்பனுக்கு மூச்சு உள்ளே போகவே மறுத்தது. இரண்டு உலைகளுக்கு நடுவே மாட்டிய ஆள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவான்?

“இப்ப! உள்ள போங்க!”

மேலே ஓடும் தீயின் வாலைத் தாண்டி, புகைகிற சாம்பலுக்குள் பாய்ந்தார்கள். செருப்பின் அடி இளகி ஒட்டியது. மகாராணி கைக்குட்டையை உதறி முகத்தில் கட்டிக்கொண்டாள். மூவரும் குப்புற விழுந்து, மூக்கால் மண்ணைத் தோண்டி, மூச்சுக்கு இடம் தேடினார்கள். சுருளிவேல் ஒச்சப்பனின் தலைமேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பெரிய தீ வந்தது. வெயிலை மறைத்து, மலையே உறுமுவது போல வந்தது. வெற்று முதுகில் கொதிநீரை ஊற்றியது போல ஒரு வேகம். ஒச்சப்பன் அம்மாவைக் கூப்பிட்டான், முத்தாலம்மனைக் கூப்பிட்டான், கடைசியில் யாரைக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாமல் கத்தினான்.

பிறகு உறுமல் தணிந்தது. சாம்பலின் விளிம்பு வரை வந்த தீ, தின்ன எதுவும் இல்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, பாறைமேல் முட்டி அணைந்து போயிற்று.

முதலில் எழுந்து உட்கார்ந்தது ஒச்சப்பன். கை கால்களை எண்ணுகிறவன் போலத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இருந்தன. உடனே சுருளிவேலின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

“நீதானய்யா! தீயை வைக்காதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு மடியில லைட்டரோட வந்து, எங்களையும் கொளுத்தப் பாத்தியா?”

“விடு ஒச்சு. இன்னைக்குத் தீயை யாரும் வைக்கலை. நம்ம கண்ணு முன்னாலதானே கட்டை உருண்டுச்சு?” மகாராணி இருமினாள். “செவ்வாக்கிழமைத் தீயோட மிச்சம் அது. செவ்வாக்கிழமையைப் பத்திச் சொல்லுங்கண்ணே.”

சுருளிவேல் எழுந்திருக்கவில்லை. சாம்பலில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“எலவங்காய் ஓட்டைத்தான் எரிச்சேன் தாயி. பஞ்சு எடுத்துட்டு ஓட்டைக் குவிச்சு வச்சிருந்தோம். தடைக்காலம், எரிக்கக் கூடாதுன்னு போட்டே வச்சிருந்தேன். குவியல்ல பாம்பு அடைஞ்சு, எங்க வீட்டுக்காரி காலடியில வந்துருச்சு. ஒரு நாள்தானே, நானே பக்கத்துல நின்னு பாத்துக்கிர்றேனேன்னு நெனச்சேன். சுத்தி மண்ணைச் செதுக்கிட்டு, தண்ணிக் கொடத்தையும் வச்சுக்கிட்டுத்தான் பத்த வச்சேன். ஓட்டுக்குள்ள ஒட்டிக் கெடந்த பஞ்சை நெனைக்கலை. ஒரு காத்துதான் வந்துச்சு. பொறிப் பொறியா எந்திரிச்சுப் பறந்துச்சு. பயர் லைனுக்கு மேலயே பறந்து போச்சு. கோழியை வெரட்டுற மாதிரி ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனேன்...”

சொல்லும்போதே கைகள் தாமாக உயர்ந்தன. தன் கைகளைத் தானே பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

“கன்னையனுக்குப் போன் போட்டதும் நான்தான். அவன் என் தங்கச்சி புருசன். நான் கூப்பிட்டேன்னுதான் யோசிக்காம ஏறுனான். சாயங்காலம் காசிமாயனைப் புடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. வாயைத் தொறந்தேன், வார்த்தை வரலை. மறுநாள் இன்னும் கஷ்டமாப் போச்சு. நாளாக ஆகச் சொல்லவே முடியாம போச்சு.”

“லைட்டர்?”

“பறந்த பஞ்சு எங்கயாவது முள்ளுல கெடந்தா பொசுக்கிடலாம்னு எடுத்துட்டு வந்தேன். புதரைப் பாத்தேன். முடியலை. இன்னொரு தடவை இந்தக் கை தீ வைக்க மாட்டேன்னுருச்சு.”

ஒச்சப்பன் காலரை எப்போதோ விட்டிருந்தான். “யக்கா, அவர் மடியில இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பஞ்சைப் பாத்து எருக்குன்னாரு. எருக்குக்குத் தட்டையான வெதை, நீள நீளமா பட்டுநூல் இருக்கும். இது மிளகு மாதிரி உருண்டை வெதை, சுருட்டைப் பஞ்சு. எலவம் பஞ்சுன்னு எனக்கே தெரியுது. எலவந்தோப்புலயே பொறந்து வளந்தவருக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மாத்திச் சொன்னா, அவர் தோட்டத்துப் பஞ்சுதான். செக்போஸ்டுல நம்ம ரெண்டு பேரையும்தான் சோதனை போட்டாங்க, அவரைப் போடலை.”

“அதனால லைட்டர் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சா?”

“தெரியலை” என்றாள் மகாராணி. “இருக்கலாம்னு தோணுச்சு. என் சந்தேகம் சரியா இருக்கணும்னு இன்னைக்குத்தான் முதல் தடவையா சாமியைக் கும்பிட்டேன்.”

அவள் முகத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கரியைத் தவிர ஒன்றும் இல்லை. உதறிக் கட்டிய அவசரத்தில் பஞ்சு பறந்து போயிருந்தது. இண்டம்புதர் நின்ற இடத்தில் இப்போது கறுப்பு முள் எலும்புக்கூடு. இருந்த ஒரே சாட்சியைத் தீ தின்றுவிட்டது.

அதை ஒச்சப்பன் பார்த்தான். சுருளிவேலும் பார்த்தார். 

இறங்கும் வழியெல்லாம் ஒச்சப்பன் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். இந்த மனிதர் கொடுத்த லைட்டர் இல்லாவிட்டால் மூன்று பேரும் கரிக்கட்டை. இந்த மனிதர் திறக்காத வாயால் ஒருத்தன் ஜெயிலில் இருக்கிறான். இவர் இல்லை என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும்? தலைவர் வார்த்தையா, தலைமயிர் கருகிய ஜீப்பு டிரைவர் வார்த்தையா?

பயர் லைனில் வனத்துறை ஆட்கள் பச்சைக் கொப்புகளோடு ஓரத் தீயை அடித்து அணைத்துக்கொண்டிருந்தார்கள். ரேஞ்சர் ஓடி வந்தார். மூவரையும் உயிரோடு பார்த்த நிம்மதி அவர் முகத்தில் ஒரு கணம் இருந்தது. அடுத்த கணம் கோபம்.

“ஓடைத் தீ சரி. அதுக்கு மேல தனியா ஒரு கொழுந்து எந்திரிச்சதை நாங்க கீழ இருந்து பாத்தோம். தடைக்காலத்துல மலையில தீ வச்சது யாரு?”

ஒச்சப்பன் வாயைத் திறந்தான். மகாராணி அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். சுருளிவேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதைக் கேக்குறீங்க சார்?” என்றார் சுருளிவேல். “இன்னைக்கு வச்சதையா, செவ்வாக்கிழமை வச்சதையா? ரெண்டும் நான்தான்.”

ரேஞ்சர் அவரைக் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தார். “அண்ணே, பொகை தலைக்கேறிருச்சு. தண்ணி குடிங்க. யாராவது சோடா வாங்கிட்டு வாங்கப்பா.”

“பொகையெல்லாம் இல்ல சார். செவ்வாக்கிழமை காசிமாயன் வைக்கலை. நான்தான்.”

“சும்மா இருங்கண்ணே. கன்னையனை நெனச்சு நீங்க படுற பாடு எங்களுக்குத் தெரியாதா? உங்களை மாதிரி ஒருத்தர் இந்தப் பக்கத்துலயே இல்லை.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். சுருளிவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவ்வளவு மரியாதை, அவ்வளவு பரிவு. நெருப்புக்கு நடுவே நின்றபோதுகூட அந்த முகம் அப்படித் தவித்ததை ஒச்சப்பன் பார்க்கவில்லை.

சுருளிவேல் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல், தன் தோட்டத்தை நோக்கி நடந்தார். ரேஞ்சர் தயங்கிப் பின்னால் போனார். பிறகு எல்லோரும் போனார்கள்.

இலவந்தோப்பின் மேற்கு ஓரத்தில் தென்னங்கீற்றுகள் அடுக்கிக் கிடந்தன. சுருளிவேல் ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தார். கீழே கறுப்பாக ஒரு பெரிய வட்டம். வட்டத்தைச் சுற்றிக் கவனமாகச் செதுக்கிய மண். சாம்பலுக்கு நடுவே பாதி வெந்த இலவங்காய் ஓடுகள், கருகிய பஞ்சு இன்னும் உள்ளே ஒட்டியபடி.

காற்று ஒரு சுழற்று சுழற்றியது. ஒரு கறுத்த பஞ்சு எழுந்து, அனைவரின் தலைக்கும் மேலே மிதந்து, பயர் லைனைத் தாண்டி மலைப்பக்கம் போனது. நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள்.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். “காசிமாயன் விஷயமா...” என்று அவர் தொடங்குவது ஒச்சப்பன் காதில் விழுந்தது.

“ஜோதியம்மாவுக்கு நானே போய்ச் சொல்றேன் தாயி” என்றார் சுருளிவேல்.

“அதை நான் சொல்லிக்கிறேன்” என்றாள் மகாராணி. “உங்களுக்கு வேற எடம் இருக்கு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “தேனி வரைக்கும் ஜீப்புல கூட்டிட்டுப் போவீங்களா? ஆஸ்பத்திரி வாசல்லதான் எந்தங்கச்சி உக்காந்திருக்கா. மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி...”

ரேஞ்சர் தூரத்திலிருந்தே சரி என்று கையசைத்தார். துணைக்குப் பால்பாண்டி ஏறிக்கொண்டார். சிலமலைக்குப் பாதை பிரியும் விலக்கில் மகாராணி இறங்கி ஜோதி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

தேனி ரோட்டில் ஜீப்பு வேகம் பிடித்தது. ஒச்சப்பன் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் சுருளிவேல், தன் சட்டைக் கையால் முகத்துக் கரியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது போகிற மாதிரி இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தபோது அவர் முன்னால் குனிந்து ஒச்சப்பனின் தோளைத் தொட்டார்.

“வெரசாப் போக வேணாம் அப்பு” என்றார். “கொஞ்சம் மெதுவாவே போ.”

ஒச்சப்பன் கியரைக் குறைத்தான்.